சி: அர்ரேயின் டைப் ஓடும்போதுதான் தெரியும் என்றால் எப்படி அணுகுவது?

விண்மீன்சேகரி

வணக்கம். வானியல் படங்களைப் படிக்கும் ஒரு சின்ன நிரலை சி-யில் எழுதிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் ஃபிட்ஸ் கோப்புகள். இந்த வடிவத்தில் முதலில் எழுத்தாக ஒரு தலைப்பகுதி வரும். ஒவ்வொரு வரியும் சரியாக 80 எழுத்து. 36 வரி சேர்ந்தால் 2880 பைட் கொண்ட ஒரு தொகுதி. அதற்குள் பிட்பிக்ஸ் என்று ஒரு வரி இருக்கும். அதன் மதிப்பு 8, 16, 32, 64, -32, -64 ஆகிய ஆறில் ஒன்று. நேர் எண்ணாக இருந்தால் படப்புள்ளிகள் முழு எண்கள். -32 என்றால் ஃப்ளோட் (32 பிட் தசம எண்), -64 என்றால் டபுள் (64 பிட் தசம எண்).

கோப்பைத் திறந்து அந்த வரியைப் படித்த பிறகுதான் அர்ரேயின் டைப் எனக்கே தெரிகிறது. சி-யிலோ டைப்பை முன்பே சொல்லியாக வேண்டும். இஃப் போட்டு ஒவ்வொரு கிளைக்குள்ளும் ஒரு பாயிண்டரை அறிவித்தால், அடைப்பு மூடியதும் அந்தப் பெயர் போய்விடுகிறது. வெளியே வாய்ட் பாயிண்டராக, அதாவது டைப் சொல்லாத வெறும் முகவரியாக வைத்தால், அதன் வழியாக மதிப்பை எடுக்க கம்பைலர் விடுவதில்லை.

எனக்கு வேண்டியது சிறுமம், பெருமம், சராசரி, இடைநிலை. நான்கு வேலை, ஆறு டைப், ஆக 24 ஃபங்ஷன். நாளைக்கு இன்னொரு வேலை சேர்த்தால் மேலும் ஆறு. ஒரு வாய்ட் பாயிண்டரிடம் "நீ என்ன டைப்" என்று கேட்க சி-யில் வழி உண்டா? பைத்தானில் நம்பை என்ற எண் நூலகம் இதை அழகாகச் செய்கிறது. அதன் உட்பகுதியும் சி-யில் எழுதியதுதானே?

பழையகம்பைலர்

வழி இல்லை. முதலில் அதை ஏற்றுக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகிவிடும்.

சி-யில் டைப் என்பது கம்பைலரின் தலைக்குள் மட்டும் இருக்கிற செய்தி. கம்பைல் ஆகி முடிந்ததும் மிஞ்சுவது முகவரிகளும் பைட்டுகளும். 1065353216 என்ற 32 பிட் முழு எண்ணும் 1.0 என்ற ஃப்ளோட்டும் நினைவகத்தில் அதே நான்கு பைட்டுகள். அந்த நான்கையும் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் எது எது என்று கண்டுபிடிக்க முடியாது.

சி-யின் வரிசைப்படுத்தும் ஃபங்ஷனான க்யூசார்ட் இதை எப்படிச் சமாளிக்கிறது என்று பாருங்கள். அதற்கு நாம் கொடுப்பது தொடக்க முகவரி, எத்தனை உறுப்பு, ஓர் உறுப்புக்கு எத்தனை பைட், ஒப்பிட ஒரு ஃபங்ஷன். இடம் மாற்றுவதற்கு பைட் கணக்கு போதும். எது பெரியது என்று சொல்லத்தான் டைப் தெரிந்த ஒருவர் வேண்டும். அந்த வேலையை அது நம்மிடமே திருப்பித் தந்துவிடுகிறது. உங்கள் நிரலிலும் இதே பிரிவினைதான் வரப்போகிறது. நகர்த்துவதற்கு அளவு மட்டும் போதும், புரிந்துகொள்வதற்கு டைப் வேண்டும்.

ஆகவே டைப்பை நீங்களே சுமந்து செல்ல வேண்டும். ஒரு ஸ்ட்ரக்ட் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நான்கு உறுப்புகள்: வகையைச் சொல்லும் ஓர் எனம் (பெயரிட்ட எண்களின் பட்டியல்), உறுப்புகளின் எண்ணிக்கை, ஓர் உறுப்பின் பைட் அளவு, தரவு இருக்கும் இடத்துக்கு ஒரு வாய்ட் பாயிண்டர். பிட்பிக்ஸ் வரியைப் படித்ததும் வகையை நிரப்புங்கள். அதற்குப் பிறகு நிரலில் எந்த ஃபங்ஷனுக்கும் வெறும் வாய்ட் பாயிண்டரை அனுப்பாதீர்கள், இந்த ஸ்ட்ரக்டைத்தான் அனுப்ப வேண்டும். முகவரி ஒரு பக்கமும் வகை ஒரு பக்கமும் பிரிந்து போனால் திரும்பச் சேர்க்க வழியே இல்லை.

ஐ-ஆவது உறுப்பின் முகவரிக்கு, தொடக்கத்தை அன்சைன்ட் கேர் பாயிண்டராக மாற்றி அதனுடன் ஐ பெருக்கல் உறுப்பின் அளவைக் கூட்டுங்கள். வாய்ட் பாயிண்டரிலேயே கூட்டினால் ஜிசிசி கம்பைலர் பேசாமல் விட்டுவிடும், வாய்டின் அளவை 1 என்று வைத்துக்கொள்ளும். அது அந்தக் கம்பைலரின் தனிச் சலுகை, மொழியின் விதி அல்ல. மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் அதே வரி பிழையாகும். பெருக்கலை சைஸ்_டி-யில் செய்யுங்கள். இன்ட்டில் செய்தால் பெரிய படங்களில் 2 ஜிபி தாண்டும்போது எண் நிரம்பி வழியும்.

குறுக்குப்பாதை

இதற்கு யூனியன், அதாவது ஒரே இடத்தைப் பல டைப்பாகப் பயன்படுத்தும் அமைப்பு, போதாதா? ஆறு டைப்பும் உள்ள ஒரு யூனியன், பக்கத்தில் ஒரு எனம், இரண்டும் ஒரு ஸ்ட்ரக்டில். அப்புறம் அந்த ஸ்ட்ரக்டுக்கே ஓர் அர்ரே. எந்த உறுப்பை எடுத்தாலும் அதன் டைப் கூடவே இருக்கும். கல்லூரியில் எங்களுக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

நினைவகத்தச்சர்

> எந்த உறுப்பை எடுத்தாலும் அதன் டைப் கூடவே இருக்கும்

தம்பி, அது தேவையா என்று முதலில் கேளுங்கள். யூனியனில் டபுள் இருப்பதால் அதற்கு 8 பைட். எனத்துக்கு 4, முகவரி 8-ஆல் வகுபடும்படி சீரமைப்பதற்காக இன்னும் 4 வீணாகப் போகும். வழக்கமான 64 பிட் கணினியில் ஒரு புள்ளிக்கு மொத்தம் 16 பைட். 4096 க்கு 4096 படத்தை 16 பிட்டில் வைத்தால் 32 எம்பி. நீங்கள் சொல்கிற மாதிரி வைத்தால் 256 எம்பி. அத்தனையும் "நான் ஷார்ட், நான் ஷார்ட்" என்று ஒரு கோடியே 67 லட்சம் தடவைக்கு மேல் ஒரே செய்தியைச் சொல்வதற்காக. கோப்பிலிருந்து நேரே எஃப்ரீட் செய்து அர்ரேயை நிரப்பவும் முடியாது, ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வேண்டும்.

டைப் அட்டையை எங்கே ஒட்டுவது என்பதுதான் இந்த இழையின் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன். எந்த அளவில் டைப் மாறுகிறதோ அந்த அளவில் ஒட்ட வேண்டும். ஒரு படத்தில் எல்லாப் புள்ளிகளும் ஒரே டைப், அதனால் படத்துக்கு ஓர் அட்டை. ஆனால் அதே ஃபிட்ஸ் கோப்பின் தலைப்பகுதியை எடுங்கள். ஒரு வரியின் மதிப்பு முழு எண், அடுத்த வரி தசமம், அடுத்தது ஒற்றை மேற்கோளுக்குள் எழுத்துச் சரம், அடுத்தது டி அல்லது எஃப் என்ற ஆம்/இல்லை. அங்கே ஒவ்வொரு மதிப்புக்கும் தனி அட்டை வேண்டும். அங்கே உங்கள் யூனியன்தான் சரியான கருவி. வரிகள் நூற்றுக்கணக்கில்தான் இருக்கும், 16 பைட் ஒரு பொருட்டே இல்லை.

எஸ்க்யூலைட் தரவுத்தளம் இதே காரணத்துக்காகத்தான் மதிப்புக்கு ஒரு டைப் வைத்திருக்கிறது. அதில் ஒரே நெடுவரிசையில் ஒரு வரிசையில் எண்ணும் அடுத்த வரிசையில் எழுத்தும் இருக்கலாம். அதனால் சி-யிலிருந்து கேட்கும்போது இந்தக் கட்டத்தின் டைப் என்ன என்று தனியாகக் கேட்டாக வேண்டும். 1 என்றால் முழு எண், 2 தசமம், 3 எழுத்து, 4 ப்ளாப் (வெறும் பைட்டுகள்), 5 நல் (மதிப்பு இல்லை). லுவா மொழியின் மதிப்புகளும் விண்டோஸின் வேரியன்ட்டும் அதே குடும்பம். நம்பை வேறு குடும்பம், அங்கே அர்ரேக்கு ஓர் அட்டை.

குறுக்குப்பாதை

சரி, புரிகிறது. தலைப்பகுதிக்கு யூனியன், படத்துக்கு ஒரே அட்டை. இந்த வேறுபாட்டை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அலைமாலை

நான் வேறு மாதிரி சொல்கிறேன். எல்லாவற்றையும் படிக்கும்போதே டபுளாக மாற்றிவிடுங்கள். வெளியே எல்லாம் டபுள் அர்ரே, ஃபங்ஷன் நான்கே நான்கு. டைப் பற்றிய கவலை கோப்பு படிக்கும் ஒரே ஓர் இடத்தில் அடைபட்டுவிடும். ஃபிட்ஸ் கோப்புகளைப் படிக்கும் சிஃபிட்ஸ்ஐஓ நூலகத்திலும் இப்படித்தான்: கோப்பில் என்ன டைப் இருந்தாலும் சரி, எனக்கு டபுளாகக் கொடு என்று கேட்டால் மாற்றிக் கொடுத்துவிடும். நெட்சிடிஎஃப் நூலகத்திலும் டபுளாகப் படிக்கத் தனி ஃபங்ஷன் உண்டு. இவ்வளவு வருடம் அறிவியல் நிரல் எழுதுகிறவர்கள் இந்த வழியில் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். இங்கே எதற்கு இத்தனை இயந்திரம்?

நினைவகத்தச்சர்

இரண்டு காரணம். 16 பிட் படம் நினைவகத்தில் நான்கு மடங்காகும். இரண்டாவதுதான் முக்கியம்: டபுளால் ஒன்று விடாமல் பிடிக்க முடிகிற முழு எண்கள் 2-இன் 53-ஆவது அடுக்கு வரைதான், அதாவது 9007199254740992. அதற்கு மேல் பக்கத்துப் பக்கத்து எண்கள் ஒன்றாகிவிடும். 64 பிட் முழு எண் படத்தில் நேர முத்திரையோ அடையாள எண்ணோ இருந்தால் சத்தமில்லாமல் மாறிப்போகும். எச்சரிக்கை எதுவும் வராது.

அலைமாலை

64 பிட் விஷயம் உண்மை, மறுக்கவில்லை. ஆனால் கேட்டவருக்கு வேண்டியது சராசரியும் இடைநிலையும். கேமராவிலிருந்து வந்த 16 பிட் படத்துக்கு டபுள் தாராளம். நினைவகம்தான் கவலை என்றால் மொத்தப் படத்தையும் மாற்ற வேண்டாம். ஒரு வரிசை, அதாவது 4096 புள்ளியைப் படியுங்கள், டபுளாக மாற்றுங்கள், கூட்டுங்கள், அதே இடத்தில் அடுத்த வரிசையைப் படியுங்கள். 32 கேபி போதும். இடைநிலைக்கு மட்டும் எல்லாம் ஒன்றாக வேண்டியிருக்கும்.

இன்னொன்று. கூட்டுத்தொகையை ஃப்ளோட்டில் வைக்கவே வைக்காதீர்கள். ஃப்ளோட் 16777216 என்ற இடத்தை அடைந்ததும் 1 கூட்டினால் நகராது. 4096 ஐ 4096 ஆல் பெருக்கினாலும் அதே எண்தான் வரும். எல்லாப் புள்ளியும் 1 என்று உள்ள படத்தில் கடைசிப் புள்ளியில் தொகை அந்த விளிம்பைத் தொடும். படம் இன்னும் ஒரு வரிசை பெரியதாக இருந்தால் சராசரி தப்பு.

பழையகம்பைலர்

அலைமாலை சொல்வதும் அடிப்படையில் அதே கருத்துத்தான். மாற்றும் இடத்தில் வகையைப் பார்த்து ஒரு ஸ்விட்ச் இருந்தே தீரும். அந்த ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஸ்விட்ச் போடுவதை விட, ஸ்விட்சை வெளியே வைத்து ஒவ்வொரு கேஸுக்குள்ளும் ஒரு சுற்று எழுதுவது நல்லது. கேஸுக்குள் நுழைந்த பிறகு டைப் கம்பைலருக்குத் தெரிந்துவிடுகிறது. அந்தச் சுற்றை அது தன் விருப்பம்போல் வேகப்படுத்தலாம், ஒரே கட்டளையில் பல புள்ளிகளைக் கூட்டலாம். புள்ளிக்குப் புள்ளி ஸ்விட்சோ ஃபங்ஷன் பாயிண்டரோ இருந்தால் அந்த வாய்ப்பு பெரும்பாலும் போய்விடும்.

விண்மீன்சேகரி

அனைவருக்கும் நன்றி. ஸ்விட்சை வெளியே எடுத்து, வரிசை வரிசையாகப் படித்து டபுளாக்கும்படி எழுதிப் பார்க்கிறேன். இரண்டு சந்தேகம்.

ஒன்று, சி11-இல் ஜெனரிக் என்று ஒன்று வந்திருக்கிறதே, டைப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் என்கிறார்கள். சி23-இல் டைப்ஆஃப் கூட வந்துவிட்டது. இவை உதவாதா?

இரண்டு, கேஸுக்குள் வாய்ட் பாயிண்டரை ஷார்ட் பாயிண்டர், ஃப்ளோட் பாயிண்டர் என்று காஸ்ட் செய்து படிக்கலாமா? கையேடுகளில் காஸ்ட்தான் காட்டுகிறார்கள், ஆனால் சிலர் மெம்காப்பியால் பைட்டுகளை நகலெடுக்கச் சொல்கிறார்கள்.

தொகுப்பாளினி

முதல் கேள்விக்கு: உதவாது. ஜெனரிக், டைப்ஆஃப் இரண்டுமே கம்பைல் ஆகும் நேரத்தில் தீர்ந்துவிடுபவை. மூல நிரலில் அந்த வெளிப்பாட்டுக்கு என்ன டைப் எழுதியிருக்கிறதோ அதைத்தான் பார்க்கும். வாய்ட் பாயிண்டரைக் கொடுத்தால் "இது வாய்ட் பாயிண்டர்" என்ற கிளைக்குத்தான் போகும், உள்ளே என்ன இருந்தாலும் சரி.

ஆனால் வேறோர் இடத்தில் ஜெனரிக் நன்றாகப் பயன்படும். உங்கள் நிரலே ஓர் அர்ரேயை உருவாக்கி அந்த ஸ்ட்ரக்டில் போடும்போது, வகையைக் கையால் எழுதாமல் ஜெனரிக் வழியாகத் தானாக நிரப்பலாம். அங்கே டைப் கம்பைலருக்குத் தெரியும். அந்த அறிவு மறைந்து போவதற்கு முன் அட்டையில் எழுதி வைத்துக்கொள்கிற வேலை அது. கையால் எழுதும்போது ஃப்ளோட் அர்ரேக்கு டபுள் அட்டை ஒட்டிவிடுகிற ஆபத்து இதில் இல்லை.

24 ஃபங்ஷன் கவலைக்கு மேக்ரோதான் மருந்து. ஆறு டைப்பையும் ஒரே ஓர் இடத்தில் பட்டியலாக எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் எனம் பெயர், சி டைப், பிட்பிக்ஸ் எண். எக்ஸ் மேக்ரோ என்று இதைச் சொல்வார்கள். அந்தப் பட்டியலை ஒருமுறை விரித்தால் எனம் பிறக்கும், இன்னொரு முறை விரித்தால் அளவு அட்டவணை, இன்னொரு முறை விரித்தால் ஸ்விட்சின் கேஸ்கள். நாளைக்கு ஒரு டைப் சேர்த்தால் ஒரு வரி மட்டும் கூடும். பிழைத்திருத்தியில் மேக்ரோவுக்குள் நடப்பது பிடிக்காதவர்கள், டைப் பெயரை மட்டும் டிஃபைன் செய்துவிட்டு ஒரே கோப்பை ஆறு தடவை இன்க்ளூட் செய்வார்கள். எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும். வரி எண்கள் சரியாகக் கிடைக்கும், படிக்கிறவருக்கு சாதாரண சி போலவே தெரியும்.

நம்பையின் ரகசியமும் இதுதான். அதன் மூலத்தில் வார்ப்புரு கோப்புகள் இருக்கின்றன. கட்டமைக்கும்போது ஒவ்வொரு டைப்புக்கும் தனிச் சுற்று எழுதப்பட்டுவிடும். ஓடும்போது அட்டையைப் பார்த்து எந்தச் சுற்று என்று ஒருமுறை தேர்ந்தெடுக்கும், அவ்வளவுதான். அந்தச் சுற்றுகளுக்குத் தரவு போவது கேர் பாயிண்டராக, கூடவே ஒவ்வொரு அடிக்கும் எத்தனை பைட் தாண்ட வேண்டும் என்ற எண். அந்தத் தாண்டல் எதிர் எண்ணாகவும் இருக்கலாம். அதனால்தான் அர்ரேயைப் பின்னாலிருந்து பார்க்கும் காட்சியை ஒரு பைட் கூட நகலெடுக்காமல் அதனால் கொடுக்க முடிகிறது. உங்கள் ஸ்ட்ரக்டிலும் தாண்டல் என்று ஓர் உறுப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள். படத்தின் ஒரு நெடுவரிசையை மட்டும் கூட்ட வேண்டியிருக்கும்போது அதே ஃபங்ஷன் வேலை செய்யும்.

நுண்பொறி

இரண்டாவது கேள்வி என் தொழிலோடு சம்பந்தப்பட்டது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

காஸ்ட் செய்து படிப்பதில் இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன. ஒன்று சீரமைப்பு. டபுள் 8-ஆல் வகுபடும் முகவரியில் இருக்க வேண்டும் என்று பல கணினிகளில் எதிர்பார்ப்பு. மேசைக்கணினியில் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, அதனால்தான் பலருக்கு இது தெரியாமலே இருக்கிறது. கார்டெக்ஸ் எம்0 போன்ற சின்னச் சில்லில் 4-ஆல் வகுபடாத முகவரியிலிருந்து 32 பிட் எண்ணைப் படித்தால் அந்த நொடியே ஹார்ட்ஃபால்ட், நிரல் நின்றுவிடும். அதுவும் ஒருவகையில் நல்லது, உடனே தெரிந்துவிடுகிறது.

இரண்டாவது அதைவிட மோசம், ஏனென்றால் தெரியாது. ஓர் இடத்தில் ஒரு டைப்பாக எழுதிவிட்டு வேறு டைப் பாயிண்டரால் படித்தால் சி-யின் விதிப்படி அது வரையறுக்கப்படாத செயல். இன்ட் பாயிண்டரும் ஃப்ளோட் பாயிண்டரும் ஒரே இடத்தைக் காட்டாது என்று நம்பிக்கொண்டு கம்பைலர் வரிகளை இடம் மாற்றும். மேம்படுத்தல் இல்லாமல் ஓட்டினால் சரியாக வரும், ஓ2 என்ற மேம்படுத்தலைப் போட்டால் பழைய மதிப்பு வரும். கேர் வகைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு, அவற்றின் வழியாக எந்தப் பொருளின் பைட்டையும் பார்க்கலாம்.

மெம்காப்பி இரண்டையும் தீர்க்கிறது. சரியான டைப்பில் ஓர் உள்ளூர் மாறியை அறிவித்து, அதன் அளவுக்கு பைட்டுகளை அதற்குள் நகலெடுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு ஃபங்ஷன் அழைப்பா என்று பயப்பட வேண்டாம். அளவு நிலையான எண்ணாக இருந்தால், மேம்படுத்தலோடு கம்பைல் செய்யும்போது இன்றைய கம்பைலர்கள் அதைச் சாதாரண ஏற்றமாக மாற்றிவிடும். அசெம்ப்ளியைத் திறந்து பாருங்கள், அழைப்பே இருக்காது.

உங்கள் கோப்பு விஷயத்தில் ஒரு சுவையான தகவல். 2880 என்பது 64-ஆல் மீதியின்றி வகுபடும். தரவு எப்போதும் அந்தத் தொகுதியின் எல்லையில்தான் தொடங்கும், அதனால் முழுக் கோப்பையும் எம்மேப் செய்தால் (கோப்பை நினைவகப் பகுதியாகவே பார்த்தால்) படப் பகுதி தானாகவே சீராக இருக்கும். 1981-இல் இந்த வடிவத்தை வெளியிட்டபோது 32 பிட், 36 பிட், 60 பிட் என்று பலவிதச் சொல் நீளத்தில் கணினிகள் இருந்தன. 2880 பைட்டின் பிட் எண்ணிக்கையான 23040 அவை எல்லாவற்றாலும் வகுபடும். ஆனால் ஃபிட்ஸின் பைனரி அட்டவணைக்கு வந்தால் கதை வேறு. அங்கே ஒரு வரிசைக்குள் நெடுவரிசைகள் இடைவெளியே இல்லாமல் ஒட்டியிருக்கும். ஒரு பைட் நெடுவரிசைக்கு அடுத்து டபுள் வந்தால் அது ஒற்றைப்படை முகவரியில் நிற்கும். மெம்காப்பியில் எழுதியவருக்கு அங்கேயும் ஒன்றும் ஆகாது.

பைட்வரிசை

நுண்பொறி சொன்னதோடு ஒன்று. ஃபிட்ஸில் எல்லா எண்ணும் பெரிய முனை முதலாக, அதாவது பெரிய இடமதிப்புள்ள பைட் முதலில் வரும்படி இருக்கும். நம் கணினிகள் பெரும்பாலும் சிறிய முனை. அதனால் நேரடியாக ஃப்ளோட்டுக்குள் நகலெடுக்கக் கூடாது. முதலில் 32 பிட் அன்சைன்ட் இன்ட்டுக்குள் எடுங்கள், பைட்டுகளைத் திருப்புங்கள், அப்புறம் ஃப்ளோட்டுக்கு மெம்காப்பி செய்யுங்கள். திருப்பாத பைட்டுகளை ஒரு கணம்கூட ஃப்ளோட் மாறியில் வைக்காதீர்கள். அது தற்செயலாக சமிக்ஞை நான் (NaN, "எண் அல்ல" என்று குறிக்கும் மதிப்பு) வடிவத்தில் இருந்தால், பழைய எக்ஸ்87 கணக்கீட்டு அலகில் ஏற்றி இறக்கும்போதே ஒரு பிட் மாறிவிடும். திருப்பிய பிறகு பார்த்தால் எண் தப்பாக இருக்கும், காரணம் கண்டுபிடிக்க நாள் பிடிக்கும்.

குறுக்குப்பாதை

இதோடு தொடர்புள்ள ஒரு கேள்வி, தனி இழை வேண்டாம் என்று இங்கேயே கேட்கிறேன். மாறியின் பெயர் சரமாகக் கிடைக்கிறது. அமைப்புக் கோப்பில் பயனர் "வாசல்அளவு = 3.5" என்று எழுதுகிறார், அந்தப் பெயருள்ள மாறியை நிரல் மாற்ற வேண்டும். பெயரை வைத்து முகவரி தேடும் டிஎல்சிம் ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் முகவரி வருகிறது. டைப்பும் கிடைக்குமா?

பழையகம்பைலர்

கிடைக்காது தம்பி. இயங்கு கோப்பின் குறியீட்டு அட்டவணையில் பெயர், முகவரி, அளவு, இது தரவா ஃபங்ஷனா என்பதுவரை இருக்கும். இன்ட்டா ஃப்ளோட்டா என்பது இருக்காது. ஜிடிபி பிழைத்திருத்திக்கு மட்டும் எப்படித் தெரிகிறது என்றால், கழித்தல் ஜி போட்டுக் கம்பைல் செய்யும்போது ட்வார்ஃப் என்ற தகவல் தனிப் பகுதியாக உள்ளே போகிறது. அதைப் படித்து நிரல் தன்னையே ஆராயலாம்தான், ஆனால் ஓர் அமைப்புக் கோப்புக்காக அவ்வளவு தூரம் போக வேண்டாம். கூடுதல் தகவலை நீக்கும் ஸ்ட்ரிப் கட்டளையை ஓட்டியதும் அதுவும் போய்விடும்.

நீங்களே ஓர் அட்டவணை வையுங்கள். ஒவ்வொரு வரியிலும் பெயர், முகவரி, வகை. ஸ்ட்ரக்டின் உறுப்பாக இருந்தால் முகவரிக்குப் பதில், ஸ்ட்ரக்டின் தொடக்கத்திலிருந்து உறுப்பு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று ஆஃப்செட்ஆஃப் கொடுக்கும் தூரத்தை வையுங்கள். அப்போது அதே அட்டவணையை அந்த ஸ்ட்ரக்டின் எந்தப் பிரதிக்கும் பயன்படுத்தலாம். வகையை ஜெனரிக் நிரப்பட்டும், தொகுப்பாளினி சொன்ன மாதிரி. அட்டவணையில் இல்லாத பெயரைப் பயனர் எழுதினால் பிழை சொல்லலாம். டிஎல்சிம் வழியில் போனால் அவர் நிரலின் எந்த வெளிப்படை மாறியையும் மாற்றிவிட முடியும். அது நமக்கு வேண்டாத கதவு.

விண்மீன்சேகரி

எழுதி ஓட்டிவிட்டேன். ஸ்விட்ச் ஒன்றுதான், மேக்ரோ பட்டியல் ஒன்றுதான். ஃப்ளோட் படங்களில் பைத்தானில் வரும் சராசரியே வருகிறது. 16 பிட் படங்களில் மட்டும் சராசரி -31500 பக்கத்தில் நிற்கிறது. கேமரா எதிர் எண் தர வாய்ப்பே இல்லை. திருப்புவதில் தப்பா?

பைட்வரிசை

திருப்புவதில் தப்பு இருந்தால் எண்கள் தாறுமாறாகச் சிதறியிருக்கும், இப்படி ஒரே பக்கமாகத் தள்ளி நிற்காது. தலைப்பகுதியில் பீஜீரோ என்ற வரி 32768 என்று இருக்கிறதா பாருங்கள். படங்களுக்கு 16 பிட் குறியற்ற எண் என்ற வகையே ஃபிட்ஸில் இல்லை. கேமரா தருகிற 0 முதல் 65535 வரையிலான மதிப்பிலிருந்து 32768 கழித்துக் குறியுள்ள எண்ணாகச் சேமிப்பார்கள். படிக்கும்போது சேமித்த எண்ணை, தலைப்பகுதியின் இன்னொரு வரியான பீஸ்கேலால் பெருக்கி பீஜீரோவைக் கூட்ட வேண்டும். உங்கள் உண்மையான சராசரி 1268 பக்கத்தில் இருக்கும்.

பிட்பிக்ஸ் 8-இல் இதற்கு நேர் எதிர். அது குறியற்ற பைட். அங்கே வெறும் கேர் என்று எழுதாமல் அன்சைன்ட் கேர் என்றே எழுதுங்கள். வெறும் கேர் குறியுள்ளதா இல்லையா என்பதை மொழி கம்பைலரிடமே விட்டிருக்கிறது. எக்ஸ்86 லினக்ஸில் குறியுள்ளது, ஆர்ம் லினக்ஸில் குறியற்றது. ஒரே நிரல் இரண்டு இடத்தில் இரண்டு சராசரி தரும்.

விண்மீன்சேகரி

இருக்கிறது, பீஜீரோ 32768. கூட்டியதும் பைத்தானோடு ஒத்துப்போகிறது. அப்படியென்றால் என் ஸ்ட்ரக்டில் வகையோடு பீஸ்கேலும் பீஜீரோவும் சேர்ந்தே போக வேண்டும் என்று ஆகிறது, இல்லையா? பைட்டுகளைப் புரிந்துகொள்ள டைப் மட்டும் போதவில்லை.

நினைவகத்தச்சர்

ஆமாம், அதே அட்டையில். ப்ளாங்க் என்ற வரி இருந்தால் அதையும் சேருங்கள். முழு எண் படங்களில் மதிப்பே இல்லாத புள்ளியைக் குறிக்க அந்த எண்ணைப் பயன்படுத்துவார்கள். ஒப்பிடும்போது பெருக்கிக் கூட்டுவதற்கு முன்னால், சேமித்த எண்ணோடு ஒப்பிடுங்கள். ஃப்ளோட் படங்களில் அந்த இடத்தில் நான் மதிப்பு இருக்கும். முதல் புள்ளியே நான் ஆக இருந்து அதையே பெருமம் என்று எடுத்துக்கொண்டு தொடங்கினால் அதற்குப் பின் எந்த ஒப்பீடும் உண்மையாகாது, கடைசிவரை நான் மட்டுமே நிற்கும். இடைநிலைக்கு க்யூசார்ட் போடுவதற்கு முன்பும் அவற்றை வடிகட்டிவிடுங்கள், ஒப்பீட்டு ஃபங்ஷனுக்கு அவை முரணான பதில் தரவைக்கும். அந்த ஃபங்ஷனில் கழித்து விடை அனுப்பாதீர்கள். டபுள் வித்தியாசம் 0.4 என்றால் இன்ட்டாக மாறும்போது பூஜ்யம் ஆகிவிடும். பெரியதா, சிறியதா என்று இரண்டு ஒப்பீடு செய்து 1, -1, 0 அனுப்புங்கள்.

அலைமாலை

பின்னால் சிஃபிட்ஸ்ஐஓ-வுக்கு மாறுவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். அதில் லாங் இமேஜ் என்ற பெயர் 32 பிட் படத்தைக் குறிக்கும். ஆனால் படிக்கும்போது கொடுக்கிற டி-லாங் என்பது உங்கள் கம்பைலரின் லாங். 64 பிட் லினக்ஸில் அது 8 பைட், 64 பிட் விண்டோஸில் 4 பைட். 4 பைட் இன்ட் அர்ரேயைக் கொடுத்துவிட்டு டி-லாங் என்று சொன்னால், லினக்ஸில் அர்ரேக்கு வெளியே எழுதும். 4 பைட் இன்ட்டுக்கு டி-இன்ட் என்றே கொடுங்கள்.

விண்மீன்சேகரி

ப்ளாங்க் சேர்த்துவிட்டேன், ஒரு 32 பிட் படத்தில் சிறுமம் சரியாகிவிட்டது. அடுத்து பைனரி அட்டவணை. டிஃபார்ம் வரியில் ஐ, ஜே, கே, ஈ, டி என்று நெடுவரிசைக்கு நெடுவரிசை டைப் மாறுகிறது. அட்டை நெடுவரிசைக்கு ஒன்று, தாண்டல் ஒரு முழு வரிசையின் பைட் அளவு. இப்படி வைத்தால் பழைய ஃபங்ஷன்கள் அப்படியே ஓடுமா?

தொகுப்பாளினி

ஓடும். தொடக்க முகவரியை அந்த நெடுவரிசை வரிசைக்குள் தொடங்கும் இடத்துக்கு நகர்த்துங்கள், தாண்டலுக்கு நாக்சிஸ்1 மதிப்பைக் கொடுங்கள், அட்டவணையில் அதுதான் ஒரு வரிசையின் பைட் நீளம். எண்ணிக்கை நாக்சிஸ்2. டிஃபார்மில் எழுத்துக்கு முன்னால் 3ஈ என்பது போல எண் இருந்தால் ஒரு கட்டத்துக்குள்ளேயே அத்தனை உறுப்புகள் இருக்கின்றன என்று பொருள், அதற்கு மட்டும் உள்ளே இன்னொரு சுற்று வேண்டும். பீஸ்கேல், பீஜீரோவுக்குப் பதில் அங்கே நெடுவரிசைக்குத் தனித்தனியாக டிஸ்கேல், டிஜீரோ வரும், ப்ளாங்குக்குப் பதில் டிநல். அட்டையின் உறுப்புகள் அதேதான், நிரப்பும் இடம் மட்டும் வேறு.